காலை ஐந்தரை மணிக்கு ஐம்பது ஓட்டு

2024 ஏப்ரல் 19, மக்களவைத் தேர்தல் நாள். விடிய இன்னும் நேரம் இருந்தது. பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மேசை போட்டிருந்தோம். முந்தின நாள் மாலையே மெஷின்களோடு வந்து, அங்கேயே பாய் விரித்துப் படுத்து, நாலு மணிக்கு எழுந்து முகம் கழுவியாயிற்று. அந்தச் சாவடிக்கு நான்தான் தலைமை அலுவலர். பி.ஓ. என்பார்கள். மற்ற நாட்களில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள்.

ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு ஆரம்பம். அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தவேண்டும். மாக் போல் என்றுதான் எல்லாரும் சொல்வோம். குறைந்தது ஐம்பது ஓட்டு. நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்றாவது விழவேண்டும். வேட்பாளர்களின் ஏஜென்ட்கள் கண்முன்னே நடக்கவேண்டும். குறைந்தது இரண்டு வேட்பாளர்களின் ஏஜென்ட்களாவது வரவில்லை என்றால் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு நாமே ஆரம்பித்துவிடலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதியைப் பயன்படுத்தவேண்டிய நிலை எனக்கு வரக்கூடாது என்று ஒவ்வொரு தேர்தலிலும் வேண்டிக்கொள்வேன்.

அன்றைக்கு மூன்று பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா. மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மேடம், மெஷின் நம்பரைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். ஓட்டுக் கணக்கை வைத்திருக்கும் கண்ட்ரோல் யூனிட், பட்டன்கள் இருக்கும் இரண்டு பேலட் யூனிட், சீட்டு அச்சடிக்கும் விவிபேட், நான்கின் எண்களையும் வாசித்தேன். அவர் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து ஒவ்வொன்றாக டிக் அடித்தார். எந்தச் சாவடிக்கு எந்த மெஷின் என்ற பட்டியலை முன்கூட்டியே வேட்பாளர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கையோடு கொண்டுவந்து சரிபார்க்கிற ஏஜென்டை நான்கு தேர்தல் வேலை பார்த்ததில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

விவிபேட்டுக்குப் பின்பக்கம் ஒரு திருகு உண்டு. படுக்கை வசமாக இருந்தால் பேப்பர் ரோல் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். எடுத்துவரும் வழியில் குலுங்கிவிடாமல் இருக்க அப்படி வைப்பார்கள். நிமிர்த்திவைத்த பிறகுதான் கண்ட்ரோல் யூனிட்டை ஆன் செய்யவேண்டும். மறந்து ஆன் செய்தால் பிழை காட்டும், மெஷின் பழுது என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பிவிடும். விவிபேட்டை நேராக டியூப்லைட் வெளிச்சத்தின் கீழும் வைக்கக்கூடாது. உள்ளே இருக்கிற உணர்விகள் குழம்பும். பயிற்சி வகுப்பில் இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். திருகை நிமிர்த்தி ஆன் செய்தேன். அது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஏழு சீட்டுகளை அச்சடித்துத் தள்ளியது.

பிறகு ஓட்டு. மூன்று ஏஜென்ட்களும் மாறி மாறி அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் பட்டனை அமுக்கினார்கள். யாருக்குப் போடுகிறோம் என்று சத்தமாகச் சொல்லவேண்டும், நான் தாளில் கோடு போடுவேன். ஒவ்வொரு ஓட்டுக்கும் பீப் சத்தம். கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளர் எண், பெயர், சின்னம் இருக்கிற சீட்டு ஏழு நொடி தெரியும், அப்புறம் அறுபட்டுப் பெட்டிக்குள் விழும். முப்பதைத் தாண்டும்போது இளவட்டமாக இருந்த ஏஜென்ட், "போதும் மேடம், வேலைதான் செய்யுதே" என்றார். "ஐம்பது போடணும் தம்பி" என்றேன்.

ஐம்பது முடிந்தது. குளோஸ் அமுக்கி, ரிசல்ட் அமுக்கினேன். ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை என்று திரையில் வரிசையாக வந்தது. விவிபேட் பெட்டியைத் திறந்து சீட்டுகளை மேசையில் கொட்டி, முதலில் வந்த சோதனைச் சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, சின்னவாரியாகப் பிரித்து எண்ணினோம். என் தாளில் ஒருவருக்கு மூன்று கோடு, அவருக்கு அடுத்தவருக்கு இரண்டு கோடு. மெஷின் சொன்னது இரண்டு, மூன்று. அறையே அமைதியாகிவிட்டது. மின்விசிறிக் காற்றில் சீட்டு பறக்காமல் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டு பெரியவர் ஒவ்வொன்றாக வைத்தார். இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினார். இரண்டு, மூன்று.

அந்த இளைஞர்தான் யோசித்துச் சொன்னார், "மேடம், நான் ஒரு தடவை பேரைச் சொல்லிட்டு கை தவறி கீழ அமுக்கிட்டேன்னு நினைக்கிறேன்." பெரியவர் தலையை ஆட்டினார். "மெஷினும் சீட்டும் ஒண்ணு சொல்லுது. நாம எழுதினதுதான் தப்பு."

அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே. வெவ்வேறு கட்சியைச் சேர்ந்த மூன்று பேர், ஒரு பிசகைத் தாங்களே கண்டுபிடித்து, தாங்களே எண்ணிப் பார்த்து, தாங்களே ஒப்புக்கொண்டார்கள். நான் எத்தனை விளக்கம் சொல்லியிருந்தாலும் அந்த நம்பிக்கை வந்திருக்காது.

நம் நாட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் கதை தொடங்கியது கேரளத்தில் பரவூர் சட்டமன்றத் தொகுதியில், 1982-ல். 84 சாவடிகளில் 50-ல் மட்டும் இயந்திரம் வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டில் ஜெயித்தார். எதிர்த்து நின்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட, 1984-ல் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது செல்லாது என்றது. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு முறையில் மறுபடி ஓட்டுப் போட்டபோது ஜோஸ் ஜெயித்தார். பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்தது, 2004-ல் நாடு முழுக்க. சீட்டு காட்டும் விவிபேட் 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில்தான் முதலில் வந்தது. அதுவரை, நாம் அமுக்கியதுதான் பதிவானதா என்று பார்த்துக்கொள்ள வாக்காளருக்கு எந்த வழியும் இல்லை.

மெஷின் என் மேசைக்கு வருவதற்கு முன்னால் அது தாண்டிவரும் சோதனைகள் பலருக்குத் தெரியாது. என் தம்பி வருவாய்த் துறையில் இருக்கிறான். முதல்நிலைச் சரிபார்ப்பு நடக்கும் கூடத்தில் அவனுக்கு வேலை போட்டிருந்தார்கள். பாரத் எலக்ட்ரானிக்ஸ், இ.சி.ஐ.எல். என்ற இரண்டு பொதுத்துறை நிறுவனங்கள்தான் இவற்றைச் செய்கின்றன. அவற்றின் பொறியாளர்கள் வந்து ஒவ்வொரு மெஷினாகத் திறந்து, துடைத்து, பட்டன்களை ஒன்றுவிடாமல் அமுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை. தேறியவற்றில் குலுக்கல் மாதிரி நூற்றுக்கு ஐந்தை எடுத்து நீண்ட சோதனை வைப்பார்கள்: ஒரு சதவீத மெஷின்களில் 1,200 ஓட்டு, இரண்டு சதவீதத்தில் 1,000, இரண்டு சதவீதத்தில் 500. அவ்வளவையும் போட்டு, சீட்டுகளை எண்ணி, மெஷின் கணக்கோடு ஒப்பிடவேண்டும். தேறிய கண்ட்ரோல் யூனிட்டுக்கு இளஞ்சிவப்புத் தாள் முத்திரை. அதில் கட்சிப் பிரதிநிதிகளும் கையெழுத்துப் போடலாம்.

போடலாம் என்றுதான் சொல்லமுடியும். முதல் நாள் ஏழெட்டுப் பேர் வந்தார்களாம். மூன்றாம் நாள் இரண்டு பேர். ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஆயிரம் ஓட்டு அமுக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சலிப்பான வேலைதான், எனக்குப் புரிகிறது. ஆனால் தோற்ற மறுநாள் தொலைக்காட்சியில் மெஷினைக் குறைசொல்ல வருகிற கட்சிகள், இந்தக் கூடத்துக்கு ஆள் அனுப்புவதில் ஏன் இவ்வளவு அலட்சியமாக இருக்கின்றன என்று நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

வேட்பாளர் பட்டியல் முடிவான பிறகு சின்னம் பொருத்தும் பணி. அப்போதும் ஐந்து சதவீத மெஷின்களில் ஆயிரம் ஓட்டு போட்டுப் பார்ப்பார்கள். இதற்கு இடையில் இரண்டு தடவை கணினிக் குலுக்கல் நடக்கும். முதல் தடவை மெஷின் எந்தத் தொகுதிக்கு என்றும், இரண்டாவது தடவை எந்தச் சாவடிக்கு என்றும் முடிவாகும்.

சரி, இத்தனை சோதனை போதுமா? கணக்கு வாத்தியாராக எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. தான் சோதிக்கப்படுகிறோம் என்று ஒரு கருவிக்குத் தெரிந்துவிட்டால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. 2015-ல் ஃபோக்ஸ்வேகன் விஷயம் அப்படித்தான் வெளிவந்தது. டீசல் கார்களின் மென்பொருள், புகைச் சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டு அந்த நேரத்துக்கு மட்டும் புகையைக் குறைத்தது. சாலையில் ஓடும்போது பழையபடி கக்கியது. ஆயிரம் தடவை கூடத்தில் சோதித்திருந்தாலும் தேறியிருக்கும்.

இதற்கு நம் ஏற்பாட்டில் ஒரு நல்ல பதில் இருந்தது. முதல்நிலைச் சரிபார்ப்பு நடக்கிறபோது யார் வேட்பாளர், எந்த பட்டன் யாருக்கு என்று யாருக்குமே தெரியாது. பெயர்கள் அகரவரிசையில் வரும், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள், மற்ற கட்சிகள், சுயேச்சைகள் என்று பிரித்து. ஒரு தொகுதியில் இரண்டாவது பட்டனில் இருக்கும் கட்சி அடுத்த தொகுதியில் நாலாவதில் இருக்கும். யாருக்குத் திருப்பிவிடுவது என்றே தெரியாத மெஷினில் திருட்டை முன்கூட்டி எழுதிவைக்க முடியாது. ஆனால் விவிபேட் வந்த பிறகு, வேட்பாளர் பெயரும் சின்னமும் கணினியிலிருந்து ஒரு சிறு கருவி வழியாக விவிபேட்டுக்குள் ஏற்றப்படுகின்றன. கண்ணன் கோபிநாதன் என்ற முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி, தானே தேர்தல் நடத்தியவர், 2019-ல் இதைச் சுட்டிக்காட்டினார். பழைய பாதுகாப்புச் சுவரில் இது ஒரு ஓட்டை என்றார். ஓட்டை வழியே யாராவது வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கெட்ட எண்ணம் இல்லாமலும் மெஷின் பிசகும். பெல்ஜியத்தில் ஸ்கார்பேக் என்ற ஊரில் 2003 தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டு அதிகமாக விழுந்திருந்தது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. நினைவகத்தில் ஒரே ஒரு பூஜ்யம் தானாக ஒன்றாக மாறியிருக்கலாம் என்று வல்லுநர்கள் சொன்னார்கள். விழவே முடியாத அளவு ஓட்டு அவருக்கு விழுந்ததால்தான் கண்ணில் பட்டது. கீழே இருக்கிற ஓர் இலக்கத்தில் மாறியிருந்தால், நான்கோ எட்டோ கூடியிருக்கும், ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். வகுப்பில் அடுக்குக்குறி நடத்தும்போது இந்தக் கதையைச் சொல்வேன், பிள்ளைகள் மறப்பதே இல்லை.

அதனால் முன்னால் வைக்கும் சோதனையோடு நிற்கமுடியாது, ஓட்டுப் போட்ட பிறகு சீட்டை எண்ணித்தான் ஆகவேண்டும். இப்போது ஒவ்வொரு சட்டமன்றப் பிரிவிலும் குலுக்கலில் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணுகிறார்கள். 2019 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் ஒன்று ஐந்தானது. ஒரு பிரிவில் 300 சாவடி இருக்கிறது, அதில் மூன்றில் மட்டும் தப்பு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தை எடுத்துப் பார்த்தால் அந்த மூன்றில் ஒன்று மாட்டும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான். முப்பது சாவடியில் தப்பு என்றால் நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். ஆறு பிரிவு சேர்ந்த மக்களவைத் தொகுதியில் முப்பது சாவடி எண்ணுவதால் நிலைமை நன்றாகவே இருக்கிறது. பத்தில் ஒரு சாவடி தவறென்றால் கிட்டத்தட்ட நிச்சயமாக மாட்டிவிடும். சட்டமன்றத் தேர்தலில், அதுவும் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் முடிவாகும் தொகுதியில், ஐந்து போதாது. எத்தனை எண்ணவேண்டும் என்பதை ஓட்டு வித்தியாசத்தை வைத்து முடிவு செய்யவேண்டும். இடைவெளி குறுகக் குறுக எண்ணிக்கை கூடவேண்டும். இது பத்தாம் வகுப்பு நிகழ்தகவுக் கணக்கு.

எல்லாச் சீட்டையும் எண்ணவேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எங்கள் ஊரில் ஓட்டுப்பதிவு முடிந்து சரியாக ஒரு வாரம். ஆனால் அதே தீர்ப்பில், இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர்கள் பணம் கட்டிக் கேட்டால் ஐந்து சதவீத மெஷின்களின் நினைவகத்தைப் பொறியாளர்கள் சரிபார்க்கவேண்டும் என்றது. ஒரு மெஷின் தொகுப்புக்கு அப்போது 40,000 ரூபாய், வரி தனி. தமிழ்நாட்டில் விருதுநகரிலிருந்தும் வேலூரிலிருந்தும் விண்ணப்பித்தார்கள். விருதுநகரில் வித்தியாசம் 4,379 ஓட்டுதான். ஆனால் தேர்தல் ஆணையம் அப்போது வகுத்த நடைமுறை என்னவென்றால், 1,400 ஓட்டு வரை போட்டு இன்னொரு மாக் போல். அதற்காகப் பழைய பதிவை அழிக்கவேண்டியிருந்தது. இது மறுபடி கோர்ட்டுக்குப் போய், 2025 பிப்ரவரியில் பதிவை அழிக்காதீர்கள், புதிதாக எதையும் ஏற்றாதீர்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. சந்தேகப்பட்டவர் கேட்டது அன்றைக்கு என்ன நடந்தது என்று. இன்றைக்கு மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று காட்டினால் அது பதிலாகுமா?

சாவடிக்குத் திரும்புகிறேன். மாக் போலே தேர்தலைக் கெடுத்த இடங்களும் உண்டு. 2019-ல் ஆந்திராவின் மைதுகூரில் ஒரு சாவடியில் சீட்டுக்கும் மெஷினுக்கும் கணக்கு ஒத்துப்போகவில்லை. விசாரித்தால், தலைமை அலுவலர் மாதிரி ஓட்டுகளை அழிக்கவில்லை. 2024 தீர்ப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. அதே 2019-ல் தமிழ்நாட்டில் மே 19 அன்று 13 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. அவற்றில் சிலவற்றுக்குக் காரணம் அழிக்கப்படாத மாதிரி ஓட்டுகள்தான்.

அந்த வரிசையில் என் சாவடியும் சேர்ந்திருக்கவேண்டியது. 2019 ஏப்ரல் 18. ஆறே முக்காலுக்கே வாசலில் வரிசை. ஐம்பது ஓட்டு போட்டு முடித்து, டோட்டல் பட்டனை அமுக்கினேன், 50 என்று காட்டியது. சீட்டை எண்ணினோம், ஐம்பது. சரி என்று ரிசல்ட் பகுதிக் கதவுக்கு வைக்கிற பச்சைத் தாள் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். இரண்டாம் அலுவலராக இருந்த அம்மா, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். "குளோஸ் போட்டீங்களா மேடம்? கிளியர் போட்டீங்களா?"

போடவில்லை. குளோஸ் அமுக்கியிருந்தால் மெஷினே என்னைத் தடுத்திருக்கும். குளோஸ் செய்தபின் கிளியர் செய்யாமல் ஒரு ஓட்டும் வாங்காது. நான் குளோஸையே தொடவில்லை. டோட்டலை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தேன். கிளியர் பட்டன் இருப்பது அந்தக் கதவுக்கு உள்ளே. முத்திரை வைத்துவிட்டால் கதவு மூடியாயிற்று. ஐம்பதோடு சேர்த்து நிஜ ஓட்டுகள் ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு என்று ஏறிக்கொண்டே போயிருக்கும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போயும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். குளோஸ், ரிசல்ட், கிளியர் மூன்றையும் சத்தமாகச் சொல்லி அமுக்குவேன். கடைசியில் டோட்டலை அமுக்கி, பூஜ்யம் காட்டுவதை ஏஜென்ட் ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். 2024-ல் அந்தப் பெரியவர்தான் படித்தார். விவிபேட் பெட்டி காலி என்று எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எண்ணி முடித்த சீட்டுகள் ஒவ்வொன்றின் பின்பக்கமும் மாக் போல் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு ஒட்டி, அரக்கு உருக்கி சீல் வைத்தோம். அந்த இளைஞர் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டார். ஆறு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது.

பகல் பதினொன்றரைக்கு ஒரு வாக்காளர் வெளியே வந்து, "சீட்டு சரியா தெரியலை, நிஜமாவே என் ஓட்டு விழுந்துச்சா?" என்று கேட்டார். வேறு சின்னம் அச்சாகியிருந்தால் எழுதிக்கொடுத்துச் சோதனை ஓட்டுப் போட விதி 49எம்ஏ இருக்கிறது, பொய்யென்றால் தண்டனையும் உண்டு என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். பெரியவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அண்ணே, காலைல நான் எண்ணிப் பாத்தேன். ஒண்ணுகூட மாறல" என்றார். அவர்கள் இருவரும் வேறு வேறு கட்சி என்று பார்த்தாலே தெரிந்தது. கேட்டவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குளோஸ் அமுக்கி, பதிவான மொத்த ஓட்டை 17சி படிவத்தில் எழுதி, ஏஜென்ட்களுக்கு ஆளுக்கொரு நகல் கொடுத்தேன். இளைஞர் வாங்கி மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பெரியவர் மட்டும் நின்று, படிவத்தில் இருந்த எண்ணையும் மெஷின் திரையில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்து, காலையில் டிக் அடித்த அதே தாளின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டார். "எண்ணுற அன்னைக்கு எங்க ஆள்கிட்ட குடுக்கணும்மா" என்று சொல்லிப் பேனாவை மூடினார்.